ஜப்பான் நாடக நடிகர் படத்தைப் படிப்பது எப்படி: முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், இறந்தவர்கள் படம், இவைதான் பிழைப்பு. ஆனால் நம் கடலோர ஊர்களில் கப்பல் வேலைக்குப் போனவர்கள் நிறைய. யோகோஹாமாவிலும் கோபேயிலும் இறங்கியவர்கள் டிரான்சிஸ்டரோடு எப்போதாவது ஒரு படத்தையும் வாங்கி வந்திருக்கிறார்கள். அது பரணிலிருந்து இறங்கி என் மேசைக்கு வரும். விறைத்த உடை, மூக்கைப் பார்த்துத் திரும்பிய ஒரு கண், சுற்றிலும் புரியாத எழுத்து. ‘சாமியா, ராஜாவா?’ என்று கேட்பார்கள்.

பெரும்பாலும் இரண்டும் இல்லை, நாடக நடிகர். எடோ என்று அப்போது அழைக்கப்பட்ட டோக்கியோவில் கபுகி நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் நடித்தவரின் படத்தை மரப்பலகையில் செதுக்கி, அச்சடித்து, கடைகளில் மலிவாக விற்றார்கள். ரசிகர்கள் வாங்கினார்கள். ஒரு படத்துக்கு நான்கு பேர் வேலை: வரைபவர், செதுக்குபவர், அச்சடிப்பவர், முதல் போட்டு விற்கும் பதிப்பாளர். வரைந்த தாளைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மூல ஓவியம் அதோடு போய்விடும். அதனால் ‘இதன் ஒரிஜினல் எங்கே இருக்கும்?’ என்று தேடாதீர்கள். அச்சுதான் ஒரிஜினல்.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பையன் தாத்தாவின் பெட்டியில் கிடந்த படத்தைக் கொண்டுவந்தான். “அண்ணாச்சி, ஓரத்துல இருக்க கிறுக்கலை எல்லாம் மவுண்டுக்கு உள்ள மறைச்சிருங்க. மூஞ்சியிலயும் கையிலயும் கோடு கோடா கீறல் விழுந்து கெடக்கு, அதை டச்சப் பண்ணிக் குடுங்க” என்றான். “கிறுக்கல் இல்ல மக்கா, அதுதான் படத்தோட ஜாதகம். அதை மறைச்சா இவன் யாருன்னே தெரியாமப் போயிரும்” என்றேன். கீறல் கதையைக் கீழே சொல்கிறேன். அந்தப் படத்தை வைத்துக்கொண்டே முறையைச் சொன்னால் உங்களுக்கும் சுலபம்.

முதலில் ஒரு விஷயம். எதையும் வெட்டாதீர்கள், துடைக்காதீர்கள், லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள்.

கையால் அடித்ததா, மெஷினில் அடித்ததா?

நகை வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிமார் கையில் பார்த்திருப்பீர்கள், அதேதான். முகத்தின் நிறத்தில் லென்ஸை வைத்துப் பாருங்கள். சிறு சிறு வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது நாள்காட்டிப் படம் மாதிரி ஆப்செட் அச்சு. அழகாக இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், மேற்கொண்டு ஆராய ஒன்றும் இல்லை. புள்ளி இல்லாமல், வண்ணம் தாளின் நாருக்குள் ஊறி நின்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

படத்தைத் திருப்புங்கள். இவர்கள் பயன்படுத்தியது எண்ணெய் மை இல்லை, தண்ணீரில் கரைத்த நிறம். பலகையில் நிறத்தையும் கொஞ்சம் அரிசிப் பசையையும் தடவி, ஈரத் தாளை மேலே வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டால் முதுகில் தேய்த்து அச்சடிப்பார்கள். அதனால் பின்பக்கமும் நிறம் கசிந்து தெரியும். சில இடங்களில் தேய்த்த வட்டச் சுவடுகூட இருக்கும். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் வெள்ளையாகத் தெரிந்த உள்ளாடையில் பூவேலை எழும்பி வரலாம். மை தடவாத பலகையில் தாளை அழுத்தி எடுக்கும் வேலை அது. ரவிவர்மாவின் ஓலியோகிராஃப் என்ற கல்லச்சுப் படங்களை நிறையப் பார்த்த கை என்னுடையது. அவற்றில் இந்த மாதிரி வேலை கிடையாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய படத்தைப் பார்த்துப் புதிதாகப் பலகை செதுக்கி, அதே முறையில் கையால் அடித்த மறுபதிப்புகளும் இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டில் தரமாகவே செய்திருக்கிறார்கள். ஷாராக்கு என்ற ஓவியருடைய படம் என்றால் இந்த ஐயம் கட்டாயம் வரவேண்டும். 1794 மே மாதம் தொடங்கி 1795 தொடக்கம் வரை, சுமார் பத்தே மாதத்தில் 140க்கும் மேற்பட்ட படங்கள் செய்துவிட்டு அந்த ஆள் காணாமல் போய்விட்டார். முதலில் வந்த 28 படங்களில் பின்னணி மைக்கா தூவியது போல் கறுப்பாக மினுங்கும். உலகம் முழுக்கப் புகழ் பெற்றவை, அதனால் உலகம் முழுக்க நகல். நம்மூர்ப் பரணில் ஷாராக்கு கிடைத்தால் முதலில் மறுபதிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஏமாற்றம் இருக்காது.

உடையைப் படியுங்கள்

சரி, கையச்சு என்று தெரிந்துவிட்டது. இப்போது முகத்தைப் பார்க்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். வேண்டாம். ஆரம்ப காலப் படங்களில் எல்லா நடிகருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான். கட்சுகாவா ஷுன்ஷோ, இப்பிட்சுசாய் புன்ச்சோ என்ற இரண்டு ஓவியர்கள் 1760களின் கடைசியில்தான் ஆளுக்கு ஆள் முகச்சாயல் வருமாறு வரையத் தொடங்கினார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் ரசிகன் ஆளைக் கண்டுபிடித்தது உடையில் இருக்கும் குலச்சின்னத்தை வைத்து.

சட்டைக்கையில், தோள்பக்கம், சில நேரம் விசிறியிலோ விளக்கிலோ பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் இருந்தால் அது இச்சிகாவா டான்ஜூரோ குடும்பம். அரிசி அளக்கும் சதுரப் படிகளை மேலிருந்து பார்த்த தோற்றம் அது. ஒன்றின் மேல் ஒன்றாக விசிறிகளும், அவற்றில் ஓக் இலைகளும் இருந்தால் ஓனோவே கிக்குகோரோ. வட்டத்துக்குள் மூன்று விசிறி இவாய் ஹான்ஷிரோ. நாரத்தை மாதிரி ஒரு காயும் இலையும் இச்சிமுரா உசாயெமோன். கையையும் காலையும் விரித்து நிற்கும் மனிதன் போன்ற ஓர் எழுத்து மூன்று முறை வட்டமாக வந்தால் பாண்டோ மிட்சுகோரோ. இந்த ஐந்தை மனதில் வைத்தாலே கணிசமான படங்களுக்குக் குடும்பப் பெயர் சொல்லிவிடலாம்.

குடும்பம் என்றுதான் சொல்கிறேன், ஆள் என்று சொல்லவில்லை. பெயர் தலைமுறை தலைமுறையாக இறங்கும். முதல் டான்ஜூரோவை 1704இல் சக நடிகர் ஒருவர் நாடகக் கொட்டகையிலேயே கொன்றார். 13ஆம் டான்ஜூரோ 2022இல் பெயர் சூட்டிக்கொண்டு இப்போதும் நடிக்கிறார். சீடர்களும் உறவினரும் அதே சின்னத்தைச் சிறு மாற்றத்தோடு போட்டுக்கொள்வார்கள். எத்தனையாவது ஆள் என்பதைக் காலத்தை வைத்துத்தான் தீர்க்கமுடியும்.

நெற்றியைப் பாருங்கள். பெண் வேடத்தின் முன்னெற்றியில் ஊதாத் துணி ஒன்று படிந்திருந்தால் அது ஆண் நடிகர். 1629இல் பெண்கள் மேடையேறுவதைத் தடுத்தார்கள். அப்புறம் இளம் பையன்கள் பெண் வேடம் போட, 1652இல் அதையும் நிறுத்தி, நடிகர்கள் முன்மயிரை மழிக்கவேண்டும் என்றார்கள். மழித்த இடத்தை மறைக்க வந்த துணி, போகப் போக அழகாகவே ஆகிவிட்டது. அந்தத் துணி இருந்தால் படத்தில் இருப்பது அழகி இல்லை, நடிகர். விலை பேசும்போதுகூட இது உதவும்.

தலையில் ஊதா நிறப் பட்டை கட்டியிருக்கிறதா? முடிச்சு எந்தப் பக்கம்? அவருடைய வலப்பக்கம் தொங்கினால் சுகெரோக்கு மாதிரியான வீரன், கையில் குடையும் இருக்கலாம். இடப்பக்கம் தொங்கினால் நோயாளி வேடம். செங்காவி நிறத்தில் பாய் அளவுக்குச் சட்டைக்கை விரிந்து, அதில் அந்த மூன்று சதுரம் பெரிதாக இருந்தால் ‘ஷிபராக்கு’ நாடகம். அதற்கு லென்ஸும் வேண்டாம், நானும் வேண்டாம்.

முகப்பூச்சு விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் விடிய விடிய கதகளி பார்த்தவர்களுக்குப் பச்சை முகம் நல்லவன், சிவப்புத் தாடி கெட்டவன் என்று பழகியிருக்கும். கபுகியில் வெள்ளை முகத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அவன் நாயகன், அறத்துக்காகக் கோபப்படுகிறவன். நீலக் கோடு வில்லனுக்கும் பேய்க்கும். பழுப்பு, அரக்கர் வகையறாவுக்கு. சிவப்பைப் பார்த்ததும் ராவணன் என்று முடிவு கட்டாதீர்கள். கண் திரும்பியிருப்பது மாறுகண் இல்லை, காட்சியின் உச்சத்தில் நடிகர் அசையாமல் உறைந்து நிற்கும் நிலை அது. அந்த நேரத்தில்தான் கொட்டகையில் பெயர் சொல்லிக் கத்துவார்கள்.

ஓரத்து எழுத்தைப் படியுங்கள்

ஜப்பான் மொழி தெரியவேண்டியதில்லை. பெட்டிகளையும் முத்திரைகளையும் தனித்தனியாக அடையாளம் கண்டால் போதும்.

நடிகர் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தில் வேடத்தின் பெயரும் நடிகரின் பெயரும் இருக்கும். ஒரு பெயர் மட்டும் இருந்தால் அதுவே ஒரு தடயம். 1842இல் ஆடம்பரத்தை ஒழிக்கிறோம் என்று அரசாங்கம் நடிகர் படங்களையே தடை செய்தது. அதே ஆண்டு ஏழாம் டான்ஜூரோவை எடோவை விட்டே துரத்தினார்கள். சில ஆண்டுகளில் படங்கள் மெல்லத் திரும்பி வந்தன, ஆனால் நடிகர் பெயரைப் போடாமல், வேடத்தின் பெயரை மட்டும் போட்டு. யார் என்று ரசிகனுக்குத் தெரியாதா என்ன! சட்டமும் மீறவில்லை, வியாபாரமும் நிற்கவில்லை.

கீழ் ஓரத்தில் ஓவியர் கையெழுத்து. பெரும்பாலும் கடைசி எழுத்து, மேல்பக்கம் திறந்த பெட்டிக்குள் நான்கு கட்ட ஜன்னல் வைத்தது போல இருக்கும். ‘வரைந்தது’ என்று பொருள். கையெழுத்து சிவப்பான நீளப் பெட்டிக்குள் இருந்தால் பெரும்பாலும் உட்டகாவா என்ற குரு-சீடப் பரம்பரை ஓவியர். அதிகம் கண்ணில் படுகிறவர் குனிசாடா. 1786இல் பிறந்து 1865இல் இறந்தவர். 1844 முதல் குருவின் பெயரான டோயோகுனி என்றே கையெழுத்துப் போட்டார், அதனால் ‘டோயோகுனி’ என்று படித்ததும் குரு என்று நினைத்துவிடக்கூடாது. குரு 1825இலேயே போய்விட்டார்.

அப்புறம் தணிக்கை முத்திரை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இது பொய் சொல்லாது. அச்சுக்கு முன்னால் அதிகாரி பார்த்து முத்திரை குத்தவேண்டும். 1790 முதல் 1842 வரை ஒரே எழுத்து உள்ள சிறு வட்டம். 1842 முதல் 1846 வரை பரிசோதகர் ஒருவரின் பெயர் முத்திரை. 1847 முதல் இரண்டு பேர், இரண்டு முத்திரை. 1852இல் அவற்றோடு மாதமும் ஆண்டும் சொல்லும் நீள்வட்டம் ஒன்று சேர்ந்தது. 1853 கடைசியில் பெயர்கள் போய் ‘பார்த்தாயிற்று’ என்ற ஒரே முத்திரையும் தேதியும். 1859 முதல் இரண்டும் ஒரே வட்டத்துக்குள். 1876க்குப் பின் முத்திரை இல்லை. பதிப்பாளர் பெயர், முகவரி, தேதி எல்லாம் ஓரத்தில் வரிசையாக இருக்கும். 1842க்குப் பிந்தைய படம் என்றால், முத்திரை எத்தனை, என்ன வடிவம் என்று பார்த்தாலே சுமார் பத்து ஆண்டுக்குள் வந்துவிடலாம்.

தேதி முத்திரையில் ஆண்டுக்கு எண் இல்லை, விலங்கு. 1852 எலி, 1853 எருது, 1854 புலி, 1855 முயல், அப்படியே டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய் என்று போய் 1863 பன்றி. 1864இல் மறுபடியும் எலி. அந்தப் பன்னிரண்டு எழுத்துகளையும் ஒரு தாளில் அச்சடித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாதத்துக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சுலபம்: இரண்டு கோடு, மூன்று கோடு. கைப்பேசியில் எழுத்து படிக்கும் செயலியை நம்பி உட்காராதீர்கள், முத்திரையின் வளைந்த எழுத்தில் அது கண்டபடி உளறும்.

இப்போது குளச்சல் படம். வேடத்தின் பெயர் மட்டும், நடிகர் பெயர் இல்லை. இரண்டு பெயர் முத்திரை, கூடவே எருது ஆண்டு. ஆக 1853. உடையில் மூன்று சதுரம். அந்த ஆண்டு எட்டாம் டான்ஜூரோ உயிரோடு, உச்சப் புகழோடு இருந்தார். எடோவின் நகாமுரா கொட்டகையில் யோசாபுரோ என்ற வேடத்தில் அவர் சக்கைப்போடு போட்ட ஆண்டு. பணக்கார வீட்டுப் பையன். அடுத்தவன் வைப்பாட்டியோடு காதல். பிடிபட்டு, உடம்பெல்லாம் வெட்டி வீசப்பட்டு, பிழைத்து ரவுடியாகித் திரும்பி வருகிறான். அவன் உடம்பில் 34 வெட்டுக் காயம். பையன் ‘டச்சப்’ பண்ணச் சொன்ன கீறல் அதுதான். அழித்திருந்தால் கதாபாத்திரமே போயிருக்கும். “அடப்பாவி, வெட்டு வாங்கினவனா இவன்!” என்று அவன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்க்கச் சொல்வேன். நீண்ட மூக்கு, மெல்லிய உதடு, கொஞ்சம் சலிப்பான பார்வை. அடுத்த ஆண்டு, 1854இல், ஒசாகாவில் இந்த எட்டாம் டான்ஜூரோ தற்கொலை செய்துகொண்டார். காரணம் இன்றுவரை தெரியாது. நினைவுப்படங்கள் நூற்றுக்கும் மேல் வந்தன. ஒன்றில் புத்தர் மறைவைப் போலவே அவரைப் படுக்கவைத்து, சுற்றிலும் பெண் ரசிகர்கள் கதறுகிறார்கள். வெளிர் நீல உடையில் கையில் ஜபமாலையோடு ஒரு நடிகர் இருந்தால், எழுத்தில் இறந்த தேதியும் இருந்தால், அதுவும் இப்படிப்பட்ட நினைவுப்படமாக இருக்கலாம். சாமி படம் என்று விளக்கேற்றினால் ஒன்றும் தப்பில்லை.

நீங்கள் கண்டுபிடித்தது சரியா என்று ஒப்பிட, டோக்கியோ வாசேடா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம் தன் நடிகர் படத் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. உக்கியோ-ஏ டாட் ஆர்க் தளத்தில் கைப்பேசியில் எடுத்த படத்தையே ஏற்றித் தேடலாம், அதே அச்சு வேறு எங்கே இருக்கிறது என்று காட்டும். நேராக, நிழல் விழாமல், ஓரங்கள் முழுதாகத் தெரிய எடுங்கள். வாளோ கையோ ஓரத்தில் பாதியில் நின்றால் அது மூன்று தாள் சேர்ந்த படத்தின் ஒரு துண்டு. மற்ற இரண்டையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

விலை கேட்பார்கள். குனிசாடா வழிப் படங்கள் ஆயிரக்கணக்கில் அச்சானவை. லட்சம் கனவு வேண்டாம்.

நம்மூர் ஈரத்தில் வைத்துக்கொள்வது

ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, நடுவில் கடல் காற்று. தாளுக்கு இதைவிடக் கெட்ட ஊர் இல்லை. பழுப்புப் புள்ளி விழும், பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி பசை இருக்கும் இடமாகப் பார்த்து அரிக்கும்.

பெரும்பாலான படங்கள் சுமார் 15க்கு 10 இஞ்ச். ஓரங்கள் எல்லாம் தெரிகிற மாதிரி சுற்றிலும் இடம் விட்டு, அமிலம் இல்லாத மவுண்ட் போர்டில் ஜன்னல் வெட்டச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் வேர்த்து ஒட்டிக்கொள்ளும். பின்னால் வெறும் ஹார்ட்போர்டு வைத்தால் சில ஆண்டுகளில் அதன் பழுப்பு தாளில் ஏறும், நடுவில் அமிலம் இல்லாத அட்டை ஒன்று வேண்டும். படத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு ஜப்பான் தாள் துண்டால் தொங்கவிடவேண்டும். பசை, கோதுமை மாவிலிருந்து புரதத்தைக் கழுவி எடுத்த ஸ்டார்ச்சைக் காய்ச்சியது. போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. செல்லோ டேப், ஃபெவிகால், இரண்டும் ஆகாது.

வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். பழைய நீலங்களில் ஒன்று பூவிலிருந்து எடுத்தது, சிவப்பு குசும்பாப் பூவிலிருந்து. இரண்டும் வெளிச்சத்தில் மங்கிப் போகும். 1830 வாக்கில் பரவிய பிரஷ்யன் நீலம் மட்டும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பல படங்களில் நீலம் பளிச்சென்றும் மற்றவை சோர்ந்தும் இருக்கின்றன. நடு ஹாலின் உள்சுவரில் சில மாதம் மாட்டி, மீதி நாள் அட்டைப் பெட்டியில் தட்டையாக வையுங்கள். கூட சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், அந்துருண்டை வேண்டாம். வெளிச்சுவரில் மாட்டித்தான் தீரவேண்டும் என்றால் ஃப்ரேமின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போக விடுங்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும், வேலை முடிவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் படத்தை எதில் ஒட்டுகிறார்கள் என்று பாருங்கள். “முழுசா ஒட்டினாத்தான் சுருங்காம நிக்கும்” என்று சொன்னால் விவாதம் செய்யவேண்டாம். படத்தை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுங்கள்.